முன்பின் தெரியாத கோப்பைத் திறப்பது எப்படி?

ஆய்வுக்கூடக் கருவியிலிருந்தோ, ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த சிடியிலிருந்தோ, யாரோ அனுப்பிய மின்னஞ்சலிலிருந்தோ ஒரு கோப்பு வந்து சேர்கிறது. இரண்டு முறை கிளிக் செய்தால், 'இதை எந்த மென்பொருளில் திறக்க வேண்டும்?' என்று கணினி நம்மையே திருப்பிக் கேட்கிறது. பட்டியலில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுக்கக் கட்டங்களும் கிறுக்கல்களும். 'கோப்பு கெட்டுப்போய்விட்டது' என்று பலர் இந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தவறான மென்பொருளிடம் போய் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தக் கோப்பும் அடிப்படையில் எண்களின் வரிசை. 0 முதல் 255 வரையான ஓர் எண்ணை ஒரு பைட் என்கிறோம். படம், பாட்டு, வானிலைத் தரவு, எக்ஸ்ரே எல்லாமே வட்டில் இப்படித்தான் கிடக்கின்றன. 'முதல் நான்கு பைட் அகலம், அடுத்த நான்கு உயரம், அதற்குப் பிறகு மும்மூன்று பைட்டாக ஒவ்வொரு புள்ளியின் நிறம்' என்பது போல ஓர் ஏற்பாடு இருந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும். அந்த ஏற்பாடுதான் கோப்பு வடிவம், அதாவது ஃபார்மட். ஆகவே நம் வேலை இரண்டு: எந்த ஏற்பாட்டின்படி எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது, பிறகு அந்த ஏற்பாடு தெரிந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது. கடினமானது முதல் வேலைதான். வடிவத்தின் பெயர் தெரிந்துவிட்டால் மற்றது சிறு தேடல்.

வாலை எவ்வளவு நம்பலாம்?

கோப்பின் பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து வருகிறதே ஒரு வால், அந்த எக்ஸ்டென்ஷனைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். பார்க்கலாம், தப்பில்லை. விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்தே வைத்திருக்கும். அமைப்பில் போய் முதலில் அதைத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். ஆனால் வால் என்பது பெயரின் ஒரு பகுதி மட்டுமே. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினாலும் உள்ளே ஒரு பைட்கூட மாறாது. 'பெயரை மாற்றினேன், ஆனாலும் திறக்கவில்லை' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதோடு, ஒரே வாலைச் சம்பந்தமே இல்லாத துறைகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்ஏஎஸ் என்று முடியும் கோப்பு, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையை அளந்த லைடார் தரவாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறை அடுக்குகளை அளந்த பதிவாகவும் இருக்கலாம். முன்னது நோட்பேடில் வெறும் கிறுக்கல்; பின்னது சாதாரண எழுத்துக் கோப்பு, பகுதிதோறும் தொடக்கத்தில் ஓர் அலைக்குறி இருக்கும். எஸ்ஏவி என்ற வாலும் இப்படித்தான்: எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளும் அதை வைக்கிறது, ஐடிஎல் என்ற அறிவியல் மொழியும் வைக்கிறது, ஆட்டத்தை எங்கே விட்டோம் என்று குறித்துவைக்கும் வீடியோ கேம்களும் வைக்கின்றன. டிஏடி என்ற வாலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு 'உள்ளே ஏதோ தரவு இருக்கிறது' என்பதைத் தாண்டி ஒரு பொருளும் கிடையாது.

முதல் சில பைட்டுகள்

உண்மையான சாட்சி கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒரு வடிவத்தை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர், 'இது நம்முடையது' என்று காட்ட முதல் சில பைட்டுகளில் மாறாத ஓர் அடையாளத்தை வைத்துவிடுவார்கள். கணினிக்காரர்கள் இதை 'மேஜிக் நம்பர்' என்பார்கள். அதைப் பார்க்க ஹெக்ஸ் எடிட்டர் என்ற மென்பொருள் வேண்டும். விண்டோஸில் ஹெச்எக்ஸ்டி இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ், மேக் டெர்மினல்களில் எக்ஸ்எக்ஸ்டி என்ற கட்டளை இருக்கிறது. இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் அவற்றுக்குரிய எழுத்துகள் என்று இரண்டு பத்திகளாகக் காட்டும். எண்கள் அங்கே பதினாறை அடியாகக் கொண்ட முறையில் தெரியும். இந்தக் கட்டுரையில் நமக்குப் பழகிய பத்தடி எண்களாகவே தருகிறேன்.

பிஎன்ஜி படத்தைத் திறந்தால் முதல் எட்டு எண்கள் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இந்த எட்டுக்குப் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது. 137 சாதாரண ஆங்கில எழுத்து எதற்கும் உரிய எண் அல்ல. ஆகவே இதை எழுத்துக் கோப்பு என்று யாரும் தவறாக எண்ண முடியாது. ஒரு பைட் என்பது 0 அல்லது 1 ஆக இருக்கும் எட்டு பிட்டுகள்; அந்தக் காலத்துச் சில இணைப்புகள் அவற்றில் 128 மதிப்புள்ள முதல் பிட்டை விழுங்கிவிடும். அப்படி நடந்தால் 137 என்பது 9 ஆகிவிடும், உடனே தெரிந்துவிடும். அடுத்த மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். 13, 10 என்ற ஜோடி விண்டோஸ் முறையில் வரி முடிவைக் குறிப்பது. கடைசியில் தனியாக நிற்கும் 10, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முறை. வழியில் ஏதாவது மென்பொருள் 'வரி முடிவுகளைச் சரிசெய்கிறேன்' என்று கை வைத்திருந்தால் இந்த இரண்டில் ஒன்று மாறியிருக்கும். நடுவில் உள்ள 26, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் யாராவது இந்தக் கோப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடும். எட்டே பைட்டில் அடையாளமும் இருக்கிறது, சேதச் சோதனையும் இருக்கிறது. அறிவியல் துறையில் பரவலாகப் புழங்கும் ஹெச்டிஎஃப்5 வடிவமும் இதே அச்சில்தான் தன் அடையாளத்தை வைத்துக்கொண்டது: 137, 72, 68, 70, பிறகு அதே 13, 10, 26, 10.

எல்லாரும் இவ்வளவு யோசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜிப் கோப்பு பி, கே என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது. அவை அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். விண்டோஸில் இயங்கும் நிரல்கள் எம், இசட் என்று தொடங்குவது மைக்ரோசாஃப்டில் டாஸுக்காக வேலை செய்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகளால். இந்த எம், இசட் ஜோடியை நினைவில் வையுங்கள். 'அறிக்கை' என்ற பெயரில் வந்த கோப்பு இந்த இரண்டு எழுத்தோடு தொடங்கினால் அது அறிக்கை அல்ல, ஓட்டத் தயாராக இருக்கும் நிரல். கிளிக் செய்யாமல் அழித்துவிடுங்கள்.

சில வடிவங்கள் வெறும் கண்ணாலேயே படிக்கும்படி தொடங்கும். வானியலில் 1981 முதல் புழங்கும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதி முழுவதும் எழுத்துகள்தான்; 'சிம்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கி, எந்தத் தொலைநோக்கி, எத்தனை புள்ளி அகலம் என்று 80 எழுத்து வரிகளாக எழுதிச் செல்லும். 36 வரிகள் சேர்ந்தால் 2880 பைட் கொண்ட ஒரு தொகுதி. கோப்பின் மொத்த அளவு 2880 ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் டவுன்லோடு பாதியில் நின்றிருக்கலாம். பழைய ஃபிட்ஸ் கோப்பை எந்தப் புதிய மென்பொருளும் படிக்க முடிய வேண்டும் என்பது அந்தத் துறையின் கொள்கை. அந்த நிலைத்தன்மைக்காகவே வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துப் பிரதிகளின் படங்களை இந்த வானியல் வடிவத்தில் சேமிக்கிறது.

தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் சற்றுக் கீழே இறங்கிப் பாருங்கள். மருத்துவமனை ஸ்கேன்களின் டைகாம் வடிவத்தில் முதல் 128 பைட் பெரும்பாலும் வெறும் சுழியங்கள். அதற்குப் பிறகுதான் டி, ஐ, சி, எம் என்ற நான்கு எழுத்துகள் வரும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் வடிவத்தில் அடையாளம் 257-ஆவது பைட்டுக்குப் பிறகு இருக்கிறது.

இந்த அடையாளங்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யூனிக்ஸில் 1973 முதலே 'ஃபைல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரை அதனிடம் கொடுத்தால், வாலைப் பொருட்படுத்தாமல் உள்ளே பார்த்து வகையைச் சொல்லும். லினக்ஸிலும் மேக்கிலும் அது இன்றும் இருக்கிறது. விண்டோஸில் டிரிட் என்ற சிறு நிரல் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 'ப்ரோனோம்' என்ற பெயரில் கோப்பு வடிவங்களின் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறது. அதை வைத்து இயங்கும் 'டிராய்ட்' என்ற இலவசக் கருவி ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் அலசிவிடும். ஃபைல் கட்டளை வெறுமனே 'டேட்டா' என்று மட்டும் பதில் சொன்னால், 'எனக்குத் தெரியாது' என்று பொருள்.

போர்வைக்குள் இருப்பவர் தெரிந்தவரே

அரிய வடிவம் என்று நாம் மலைத்துப்போகும் பலவும் உண்மையில் நன்கு தெரிந்த ஒரு வடிவம், வேறு வாலோடு வந்திருப்பதுதான். புதிதாக ஒரு மென்பொருள் எழுதுபவர் சேமிப்பு முறையை அடியிலிருந்து தானே கட்டுவது அபூர்வம். ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுத்துத் தன் பெயரைச் சூட்டிவிடுவார்.

முதல் நான்கு எண்கள் 80, 75, 3, 4 என்றால் அது ஜிப். 2007 முதல் வந்த வேர்ட், எக்செல் கோப்புகள், இபப் மின்னூல்கள், ஆண்ட்ராய்டு செயலிகள், கூகுள் எர்த்தின் கேஎம்இசட் எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான். ஒரு நகல் எடுத்து, நகலின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் வரிசையாகக் கிடக்கும். உரிய மென்பொருள் இல்லாமலேயே பாதி விஷயம் கைக்கு வந்துவிடும். 31, 139 என்று தொடங்கினால் ஜிஜிப் சுருக்கம். விரித்துவிட்டு, உள்ளே வருவதை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் 'எஸ்க்யூலைட் ஃபார்மட் 3' என்று ஆங்கிலத்தில் தெரிந்தால் கவலையே இல்லை. அது ஒரு தரவுத்தளம். 'டிபி பிரவுசர்' என்ற இலவச மென்பொருளில் அட்டவணைகளாகவே பார்க்கலாம். செல்பேசிச் செயலிகள் பலவும், ஜியோபேக்கேஜ் வரைபடங்களும் இதில்தான் சேமிக்கின்றன. வானிலை, கடலியல் துறைகளின் நெட்சிடிஎஃப்4-உம், கணக்கீட்டு மென்பொருளான மேட்லாப் தன் 7.3 வடிவத்தில் சேமிக்கும் கோப்புகளும் உள்ளே ஹெச்டிஎஃப்5. ஆனால் மேட்லாப் தன் பங்குக்கு முதல் 512 பைட்டைப் பிடித்துக்கொள்வதால் ஹெச்டிஎஃப் அடையாளம் அதற்கு அடுத்துத்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சில கோப்புகள் தனியாக வாழ முடியாதவை. வரைபடத் துறையின் ஷேப்ஃபைல் என்பது பெயரளவில்தான் ஒரு கோப்பு. எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் என்று குறைந்தது மூன்று சேர்ந்து வர வேண்டும். அனுப்புபவர் எஸ்ஹெச்பியை மட்டும் அனுப்பிவிட்டு 'திறக்கிறதா?' என்று கேட்பது அன்றாடம் நடக்கும் கூத்து. ஃபோல்டரில் அதே பெயரில் வேறு வாலோடு கோப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடையாளமே இல்லாதபோது

எந்த அடையாளமும் இல்லாமல், தலைப்பகுதியும் இல்லாமல், அளவீடுகளை மட்டும் கொட்டி வைத்த கோப்புகளும் உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் பூமியின் மேடுபள்ளங்களை அளந்த தரவு. அது ஹெச்ஜிடி என்ற வாலோடு கிடைக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் எண்கள், எண்கள், எண்கள் மட்டுமே.

இங்கே துப்பு கோப்பின் அளவில் இருக்கிறது. ஒரு கோப்பின் அளவு 28,84,802 பைட் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை மீட்டரில் சொல்ல ஒரு பைட் போதாது. இரண்டு பைட் என்று ஊகிக்கலாம். இரண்டால் வகுத்தால் 14,42,401. வர்க்கமூலம் எடுத்தால் மிகச் சரியாக 1201. முழு எண் கிடைத்தது தற்செயலாக இருக்க முடியாது: இது 1201 வரிசை, 1201 நெடுவரிசை கொண்ட ஒரு சதுரக் கட்டம். இதே தரவின் நுணுக்கமான பதிப்பு 2,59,34,402 பைட். அதே கணக்கைப் போட்டால் 3601 வரும். கட்டம் பூமியில் எங்கே இருக்கிறது என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. அதன் தென்மேற்கு மூலையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் பெயர். பெயரை மாற்றினால் இடமே தெரியாமல் போய்விடும். பெயருக்கு மதிப்புக் கொடுக்க வேண்டிய அபூர்வமான வடிவம் இது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. இரண்டு பைட் சேர்ந்து ஓர் எண் என்றால், பெரிய இலக்கத்துக்குரிய பைட் முதலில் வருமா, பின்னால் வருமா? இரண்டு மரபும் இருக்கின்றன. 300 மீட்டர் உயரம் இந்தத் தரவில் 1, 44 என்று எழுதப்பட்டிருக்கும்: ஒரு 256-உம் 44-உம் சேர்ந்து 300. வரிசையை மாற்றிப் படித்தால் நாற்பத்து நான்கு 256-உம் ஒன்றும் சேர்ந்து 11,265 மீட்டர் ஆகிவிடும். எவரெஸ்ட்டே 8,849 மீட்டர்தான். மென்பொருள் எந்தப் பிழையும் சொல்லாமல் அழகாக ஒரு படத்தைக் காட்டும், படம்தான் பொய். அந்தத் தரவில் சில இடங்களில் −32768 என்றும் இருக்கும். அது பாதாளம் அல்ல. 'இங்கே அளவீடு கிடைக்கவில்லை' என்பதற்கான குறி. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறந்தது வேறு, சரியாகப் படித்தது வேறு. திறந்ததும் மகிழ்ந்துபோய் அடுத்த வேலைக்குத் தாவாமல், மிகச் சிறிய மதிப்பு எது, மிகப் பெரியது எது, எத்தனை வரிசை என்று மூன்றையும் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஓர் இடத்தை எடுத்துச் சரிபாருங்கள்.

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சாதாரண சிஎஸ்வி கோப்பிலேயே இந்த வஞ்சனை உண்டு. எக்செலில் நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள சுழியங்கள் மறையும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் வால்பகுதி சுழியமாகும். தேதி போலத் தோன்றும் எதுவும் தேதியாகிவிடும். 'மார்ச்1' என்ற மனித மரபணுவின் பெயர் மார்ச் முதல் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு அதன் பெயரையே மாற்றியது. அதற்கான புதிய நெறிமுறை 2020-இல் வந்தது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது! இரட்டைக் கிளிக்கை விட்டு, எக்செலின் இறக்குமதி வழியாகப் போய் ஒவ்வொரு நெடுவரிசையையும் 'டெக்ஸ்ட்' என்று குறித்துத் திறப்பதே பாதுகாப்பு.

எழுத்துக் கோப்பு கிறுக்கலாகத் தெரிவதும் இதே வகை. தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகின்றனவா? அது பெரும்பாலும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதிய தமிழ். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கத்திய எழுத்துமுறை என்று எண்ணிப் படித்தால் 224-உம் 174-உம் அந்த இரண்டு குறிகளாகத் தெரியும். எடிட்டரில் அந்தக் குறியீட்டு முறையை, அதாவது என்கோடிங்கை, யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் திரும்பி வந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

எதைச் செய்வதானாலும் நகலில் செய்யுங்கள். தெரியாத கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பதில் ஆபத்து இல்லை. பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில் 'சேவ்' கொடுத்துவிட்டால் பைட்டுகள் மாறிவிடும், அதன் பிறகு சரியான மென்பொருளும் கைவிரித்துவிடும்.

பைத்தான் என்ற நிரல்மொழியின் பிக்கிள் கோப்புகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றில் தரவு மட்டுமல்ல, அதை மீட்கும்போது இயக்க வேண்டிய கட்டளைகளும் இருக்கும். திறந்த கணமே அவை ஓடிவிடும். நம்பிக்கையான இடத்திலிருந்து வராத பிக்கிளைத் திறக்கவே வேண்டாம்.

'எந்தக் கோப்பையும் திறப்போம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு துறையிலும் அதற்கென்று நல்ல இலவசக் கருவி இருக்கிறது: வரைபடங்களுக்கு க்யூஜிஐஎஸ், நெட்சிடிஎஃப்புக்கு நாசாவின் பனோப்லி, வானியலுக்கு டிஎஸ்9, எஸ்பிஎஸ்எஸ் தரவுக்குப் பிஎஸ்பிபி. கோப்பைப் பதிவேற்றினால் மாற்றித் தரும் இணையத்தளங்களிலும் நிதானம் வேண்டும். டைகாம் ஸ்கேன் என்றால் உள்ளே படத்தோடு நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் எழுதப்பட்டிருக்கும். அதை முன்பின் தெரியாத சர்வரில் ஏற்றுவது சரியல்ல.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் அனுப்பியவரைக் கேட்பதில் வெட்கமில்லை. சொல்லப்போனால் அதை முதலிலேயே செய்திருக்கலாம். எந்தக் கருவி, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். சிஎஸ்வியாகவோ டிஃப் படமாகவோ ஏற்றுமதி செய்து தர முடியுமா என்றும் கேளுங்கள். அவரைப் பிடிக்க முடியாமல் வேறு யாரிடமாவது உதவி கேட்பதானால் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டாம். கோப்பின் துல்லியமான அளவு, கூடவே இருந்த மற்றக் கோப்புகளின் பெயர்கள், ஹெக்ஸ் எடிட்டரில் தெரியும் முதல் 256 பைட், இவை பெரும்பாலும் போதும். அனுப்புவதற்கு முன் அந்த 256-க்குள் யாருடைய பெயராவது தெரிகிறதா என்று வலப்பக்கப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.